கள்ளச்சாவி

திங்கட்கிழமை காலை, வால் என்று நாங்கள் கூப்பிடும் பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் ஓரிடத்தில் நிற்பதே அதிசயம். வாய் திறக்காமல் நிற்பது அதைவிட அதிசயம்.

ஐஸ் பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"என்ன?"

"எல்லாம் போச்சுண்ணா."

"எது?"

"அக்கா செடிங்க. மொத்தமும். ஒண்ணுகூட தாங்கல."

அக்கா என்று அவள் சொன்னது என் மனைவியை.

நாங்கள் வேலை பார்ப்பது பயிர் நோய்களை ஆராயும் கூடத்தில். எனக்கு நடு மாடியில் ஓர் அறை. பாக்டீரியாக்கள் வெளியே கக்கும் புரதங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. கொஞ்சம் சூடு பட்டாலும் புரதம் கெட்டுவிடும் என்பதால் எங்கே போனாலும் கையில் ஐஸ் பெட்டி இருக்கும். அதனால் என்னை ஐஸ் என்பார்கள். என் மனைவிக்கு மொட்டை மாடியில் இருக்கும் கண்ணாடி வீடு. அவள் ஆராய்ந்தது மிளகாய்ச் செடியை. கோபமும் அதே ரகம். அவளை மிளகாய் என்பார்கள். இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கல்யாணத்துக்கு முன்பே நிறைய ஜோக் அடித்து முடித்திருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லோரும் அழுதார்கள். நான் ஆஸ்பத்திரித் தாள்களில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு என்னை யாரும் ஐஸ் என்று கூப்பிடவில்லை. பெயர் அப்போதுதான் சரியாகப் பொருந்தியிருந்தது.

வால் அவளிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள். அவள் பின்னாலேயே திரிந்ததால் வந்த பெயர். சேட்டையாலும்தான்.

அவள் ஏன் அப்படி நின்றாள் என்று புரிய, அந்தச் செடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மிளகாய்க்கு ஓர் இலைப்புள்ளி நோய் உண்டு. ஒரு பாக்டீரியாவால் வருவது. அது இலையின் நுண்துளை வழியாக உள்ளே போகும். ஆனால் செல்லுக்குள் நுழையாது. செல்லின் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, ஊசி மாதிரி ஒரு குழாயை நீட்டி, தன் புரதங்களை உள்ளே தள்ளும். இருபது முப்பது வகைப் புரதங்கள். நோய் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இவற்றின் கைவேலை. ஒன்று செடியின் காவலை மயக்கும். ஒன்று அபாயச் செய்தி போகும் வழியை அறுக்கும். ஒன்று நேராகச் செல்லின் மையத்துக்கே போய், செடியின் மரபணு ஒன்றில் பூட்டுக்குச் சாவிபோல உட்கார்ந்து அதைத் திறந்துவிடும். திறந்ததும் அந்த இடத்துச் செல்கள் ஊதிப் பருக்கும். இலையில் எண்ணெய் சொட்டியதுபோல ஈரத் திட்டு விழும். பாக்டீரியாவுக்கு அதுதான் வீடு, சாப்பாடு, எல்லாம். அந்தப் புரதத்துக்கு என் மனைவி வைத்த பெயர் கள்ளச்சாவி.

ஒரு காட்டு மிளகாய் இருக்கிறது. அதே பூட்டு அதில் வேறொரு கதவிலும் தொங்குகிறது. கள்ளச்சாவி அதையும் திறந்துவிடும். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது சாப்பாடு அல்ல. அது திறந்தால் அந்த இடத்துச் செல்கள் உடனே செத்துப்போகும். சோதனைக்காகப் பாக்டீரியாவை இலையில் ஊசி போட்டால், மறுநாள் காலைக்குள் அந்தத் திட்டு காகிதமாகக் காய்ந்துவிடும். பாக்டீரியா அதற்குள் சிக்கி, பெருக முடியாமல் போகும். மிச்ச இலை பிழைத்துக்கொள்ளும்.

"திருடன் சாவி போட்டதும் வீட்டுக்காரன் வீட்டையே கொளுத்துற மாதிரி" என்றேன், அவள் முதல் தடவை சொன்னபோது.

"வீட்டையில்ல. அவன் நுழைஞ்ச ஒரு ரூம மட்டும். கணக்குல எப்பவும் ஓவரா போவ நீ."

அந்தப் பூட்டை வயல் மிளகாய்க்குக் கொண்டுவர அவள் இரண்டையும் மகரந்தம் மாற்றிச் சேர்த்து, பேரன் பேத்தி வரை வளர்த்து, கடைசி விதைகளை ஒரு தட்டில் தூவினாள். அவை இரண்டு இலை விட்டபோது அவள் இல்லை. விதையும் மிச்சமில்லை. மேடம், அதாவது எங்கள் துறைத் தலைவர், வாலைக் கூப்பிட்டு வேறு தலைப்பு தருகிறேன், சுலபமானது, சீக்கிரம் பட்டம் வாங்கிவிடலாம் என்றார். "அக்கா விதைச்சத பாதியில போட்டுட்டு நான் எங்க மேடம் போறது?" என்று இவள் மறுத்துவிட்டாள். சரி, இந்த ஒரு தட்டு, இதிலும் ஒன்றும் இல்லையென்றால் கண்ணாடி வீட்டை நெல்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன், நீ முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றார் மேடம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம். பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவளுடைய அந்த ஒரு பதிலுக்காக நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

"வெள்ளிக்கிழமை ஊசி போட்டேண்ணா. சனிக்கிழமை காலைல வந்து பாக்கணும். அதான் முக்கியம். தாங்குற செடி மறுநாளே காட்டிடும், தாங்காதது அப்புறம்தான் வாடும். வந்தா கேட்டுல பூட்டு. கேபிள் மாத்துறாங்களாம், ரெண்டு நாள் கரன்ட் கிடையாதாம், யாரும் உள்ள போகக்கூடாதாம். நோட்டீஸ் போட்டிருந்தாங்களாம். எங்க போட்டாங்க? லிஃப்ட்டுக்குள்ள! நான் என்னைக்கு லிஃப்ட்ல போனேன்?"

"சரி."

"ஃபேன் நின்னு, கூலர் நின்னு, ரெண்டு நாளும் கண்ணாடிக்குள்ள வெந்திருக்கு. இன்னைக்கு வந்து பாத்தா ஊசி போட்ட இலையெல்லாம் ஒரே காபித்தூள் கலர். எது செத்து தப்பிச்சுது, எது நோயில போச்சு, எது வெயில்ல கருகுச்சு, ஒண்ணும் புரியல. மேடம் பாத்துட்டு, எல்லாம் போச்சு, மூட்டை கட்டுன்னுட்டாங்க."

நோய் வந்த செடி அன்றைக்கே நீராவிப் பெட்டியில் வேக வேண்டும். எங்கள் கூடத்தில் அது மாறாத விதி. நல்ல விதியும்கூட.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன். கீழ அனுப்பிட்டேன்." இப்போதுதான் அழுதாள். "சும்மா சொல்லலாம்னுதான் வந்தேன். உங்ககிட்ட சொல்லாம இருக்கக்கூடாதுல்ல."

அழுகிறவர்கள் முன்னால் நிற்பதில் எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது. ஆனால் பதிலுக்குச் செய்ய எதுவும் பழகவில்லை. அவள் பேசிய ஒரு வார்த்தை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது. எது செத்து தப்பிச்சுது, எது நோயில போச்சு, ஒண்ணும் புரியல.

எனக்கு ஒரு சமையலறை ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் என் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் மனைவி தன் பையிலிருந்து இரண்டு மிளகாய் இலைகளை எடுத்தாள். இரண்டிலும் பழுப்புத் திட்டு. திட்டின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, இலைக்கொரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டாள். "இப்ப பாரு" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. சிகரெட் புகை தலைகீழாகப் போவதுபோல. அத்தனையும் பாக்டீரியா, கோடிக்கணக்கில். இன்னொரு டம்ளரில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அந்த இலையில் திட்டு இருந்தும் உள்ளே குடித்தனக்காரர் இல்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்தார். "அடிப்பாவி, மாப்பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிற டம்ளருடி அது!"

வயல்வெளியில் வேலை செய்கிறவர்களின் பழைய சோதனை அது. எங்கள் கூடத்தில் யாரும் செய்வதில்லை. நாங்கள் இலையை அரைத்து, தட்டில் ஊற்றி, வளரவிட்டு, எண்ணுவோம். அதற்குச் சில நாள் ஆகும். நீராவிப் பெட்டி அதுவரை காத்திருக்காது. அதனால் மேடத்துக்கும் தோன்றவில்லை, வாலுக்கும் தோன்றவில்லை.

"வா" என்றேன்.

"எங்கண்ணா?"

"கீழ."

மாடிப்படியில் ஓடினோம். நான் ஓடியதைப் பார்த்து எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள்.

நீராவி அறையைக் கவனித்துக்கொள்பவரை நிதானம் என்பார்கள். இந்த மனிதர் கோபப்பட்டோ வேகமாக நடந்தோ யாரும் பார்த்ததில்லை. அவரைப் பற்றி மேடத்திடம் புகார் சொல்லாதவர் கிடையாது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலைல வந்த மூட்டைங்க... போட்டாச்சா?" என்றாள் வால்.

"போடணும்."

"எப்ப?"

"அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

மஞ்சள் மூட்டைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. உலகத்தில் எத்தனையோ சுறுசுறுப்பானவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் அவர்களில் ஒருவரும் இல்லாமல் போனதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

கையுறை போட்டுக்கொண்டு மூட்டையைப் பிரித்தோம். செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. தண்டில் உயிர் இருந்தது. என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னதும் வால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடிக்கு ஓடி, டம்ளர், குடுவை, ஜாடி என்று கண்ணாடியில் இருந்த அத்தனையையும் வாரிக்கொண்டு வந்தாள். போதவில்லை. நிதானத்தின் கையைப் பார்த்தாள்.

"என் கிளாஸ மட்டும் கேக்காதம்மா."

"குடிச்சு முடிங்கண்ணே."

"முடிச்சிட்டுத் தரேன்."

"அப்ப நான் கிழவியாயிடுவேன்."

ஜன்னலோரம் நீளமான சிமென்ட் மேடை. கண்ணாடிகளை வரிசையாக வைத்து, பின்னால் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். ஒவ்வொரு செடியிலும் ஊசி போட்ட திட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டோம்.

அப்போது மேடம் வந்தார்.

"என்ன இது, டீக்கடையா?"

வால் எழுந்து நின்றாள். நான்தான் சொன்னேன், கசிவு பார்க்கிறோம் என்று.

மேடம் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விதி என்னன்னு தெரியும்ல?"

"மேடம், விதி நோய் வந்த செடிக்குத்தானே?" என்றாள் வால். "வந்துச்சா இல்லையான்னே இன்னும் தெரியலையே!"

"இவ்வளவு சூட்டுல உன் வாய் மட்டும் எப்படிடி வேகாம இருந்துச்சு?" என்ற மேடம், சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு, எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தள்ளு, ஐஸ். எனக்கு ஒண்ணும் தெரியல."

நான் தள்ளி உட்கார்ந்தேன்.

முதல் குடுவையில் நூல் இறங்கியது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். வெள்ளை வெள்ளையாக, அவசரமில்லாமல். ஒவ்வொன்று இறங்கும்போதும் வால் உதட்டைக் கடித்தாள். மேடையில் பாதி தூரம் போனபிறகு ஒரு ஜாடியில் எதுவும் வரவில்லை. காத்திருந்தோம். வரவில்லை. கடைசியில் பார்த்தபோது, நூல் இறங்காதவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

"இருக்குண்ணா" என்றாள் வால், மெதுவாக.

"அவசரப்படாதே" என்றார் மேடம். "உன் ஊசி அந்த இலைங்கள்ல சரியா இறங்காமலும் இருந்திருக்கலாம். இறங்கலன்னா பாக்டீரியாவும் இருக்காது, கசிவும் இருக்காது. வெயில்ல கருகினது மட்டும்தான்."

அவர் சொன்னது சரி. வாலின் முகம் மறுபடி விழுந்தது.

"அப்ப?"

"அப்ப என்ன, திரும்பப் போடு. நூல் விட்டதெல்லாம் இப்பவே பெட்டிக்குள்ள போகட்டும். இத மட்டும் மேல கொண்டு போ. இந்தத் தடவை அரை இலைக்கு முழு பாக்டீரியா, அரை இலைக்கு அவ சாவியப் பிடுங்கினது. புரியுதா?" பிறகு என் பக்கம் கையை நீட்டினார், தூக்கிவிட. தூக்கிவிட்டேன்.

சாவியைப் பிடுங்கினது என்றால், கள்ளச்சாவிப் புரதத்தைச் செய்யத் தெரியாதபடி என் மனைவி மாற்றிவைத்திருந்த பாக்டீரியா. மற்ற எல்லாம் அப்படியே இருக்கும், அது ஒன்று மட்டும் இருக்காது. கரன்ட் போனாலும் ஜெனரேட்டரில் ஓடும் உறைபெட்டியின் ஆழத்தில், சின்னக் குழாய்களில் அது இருந்தது. நான் போய் எடுத்தேன். மூடிமேல் நம்பருக்குப் பதிலாக, பேனாவால் ஒரு சாவி வரைந்து குறுக்கே அடித்திருந்தாள். ஐஸில் வைத்து மேலே எடுத்துப் போனேன். அவள் போனபிறகு அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஈர மண் வாசனை. நீளமான காலி மேசையில் தொட்டி வைத்த வட்டங்கள். வேறு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று இத்தனை நாள் பயந்திருந்தேன்.

செடிகளைப் புது மண்ணில் நட்டு கூலருக்கு நேராக வைத்தோம். அவை நிமிரவும், பாக்டீரியா வளரவும் சில நாள் பிடித்தது. ஒவ்வொரு செடியிலும் வாடாத இலையாக ஒன்றைத் தேடிப் பிடித்து, ஊசி முனை இல்லாத சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து அழுத்தினாள் வால். நடுநரம்புக்கு இடப்பக்கம் முழு பாக்டீரியா, வலப்பக்கம் சாவி பிடுங்கினது. திரவம் இறங்குவது பச்சை கறுப்பதில் தெரிந்தது. ஒவ்வொன்றையும் என்னைப் பார்க்கச் சொன்னாள். "இறங்கிச்சாண்ணா? சத்தியமா இறங்கிச்சா?" என்று.

ஊசி போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் இறந்தபோது வந்தவர். திரும்பிப் போகவில்லை. நானும் எப்போது போகிறீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல மரியாதையாக இருந்தோம்.

"என்ன மாப்பிள்ளை, சட்டையெல்லாம் மண்ணு?"

சொன்னேன். டம்ளரில் தொங்கவிட்டதைச் சொன்னபோது அவர் கை நின்றது.

"அந்த டம்ளரா!" என்றார். "அத நான் அன்னைக்கே உடைச்சுப் போட்டுட்டேன், தெரியுமா? கை தவறிடுச்சுன்னு அவகிட்ட சொன்னேன். நம்பலே. இத்தனை படிச்ச பொண்ண பெத்துட்டு டம்ளருக்குப் பயப்படுறியேம்மான்னா."

"அது மனுஷங்கள ஒண்ணும் செய்யாது அத்தை."

"நீங்க ஒரு வாரம் எங்க வீட்ல தண்ணியே குடிக்கலையே மாப்பிள்ளை. நான் பாத்தேன்."

நான் சிரித்தேன். சத்தம் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது. அவர் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"நாளைக்கு நானும் வரேன்."

"மாடி ஏறணும் அத்தை."

"ஏறுவேன்."

மறுநாள் விடிந்ததும் போனோம். வால் எங்களுக்கு முன்பே வந்து, கண்ணாடி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவில்லை. "தனியா பாக்க பயமா இருக்குண்ணா" என்றாள். மேடமும் வந்தார். படி ஏறிய மூச்சு வாங்க, எல்லோரும் உள்ளே போனோம்.

முதல் செடி. வால் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். இரண்டு பக்கமும் பச்சை.

இரண்டாவதும் பச்சை.

"ம்" என்றார் மேடம். அதில் ஏமாற்றமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

மூன்றாவது இலையை அவள் நிமிர்த்தியபோதே எனக்குத் தெரிந்தது. நடுநரம்புக்கு இடப்பக்கம் ஊசி போட்ட இடம் முழுக்கச் சுருங்கி, சாம்பல் பூத்து, காகிதம்போல. விளிம்பு அளவெடுத்து வெட்டியதுபோல நேர். வலப்பக்கம் பச்சை. சாவி இருந்த இடத்தில் செடி திருடனைக் கண்டுகொண்டது. சாவி இல்லாத இடத்தில் யார் வந்தார்கள் என்றே அதற்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த செடியிலும் அப்படியே.

வால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, இலையை மறுபடி பார்த்தார். பிறகு வாலின் தலையில் ஒரு குட்டு வைத்தார். "நெல்காரங்க வேற இடம் பாத்துக்கட்டும்" என்றார்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுல எது நல்லதும்மா? காஞ்சதா, பச்சையா?"

"காஞ்சதும்மா. காஞ்சதுதான் நல்லது." வால் எழுந்து அவரிடம் இலையைக் காட்டினாள். "இவ்வளவு இடத்த மட்டும் விட்டுக் குடுத்துட்டு, செடி தப்பிச்சிடுச்சு. இனிமே இதோட பூவ எடுத்து வயல் செடியோட சேத்தா, அதுக்கும் இந்தப் புத்தி வரும். அக்கா நெனச்சது இதான்."

"என்கிட்ட அவ இத சொன்னதே இல்லையே."

"சொல்லத்தான் வந்தாங்களாம். நீங்க டம்ளருக்கு சண்டை போட்டீங்களாம்."

அத்தை சிரித்தார். வாய் மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

நான் வாலைத் தனியாகக் கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம். என்ன சொல்வதென்று நேற்றே யோசித்து வைத்திருந்ததில் கடைசியில் மிஞ்சியது ஒரு வார்த்தைதான்.

"தேங்க்ஸ்" என்றேன்.

"எதுக்குண்ணா?"

"வேற தலைப்பு எடுக்காததுக்கு."

அவள் தலையைச் சொறிந்தாள். "எடுத்திருந்தா அக்கா பேயா வந்து காத திருகியிருப்பாங்க. அப்புறம்... நீங்க மேல வந்ததுக்கு நான்தான் தேங்க்ஸ் சொல்லணும். இனிமே தினமும் காலைல நீங்கதான் பாக்கணும். எனக்கு எட்டு மணிக்கு முன்னாடி கண்ணு தெறக்காது."

"சரி."

"சனி ஞாயிறும்."

"சரின்னேன்ல."

திரும்பிப் பார்த்தபோது அத்தை கையுறையைக் கழற்றியிருந்தார். அவருக்கு அது பெரிது. வெறும் விரலால் செடியின் தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தார், அடியிலிருந்து நுனிவரை, மெதுவாக. கண்ணாடி வீட்டுக்குள் வெறுங்கையால் செடியைத் தொட்டவர்களை மேடம் விட்டதாக வரலாறு இல்லை. ஒரு மந்திரியையே வெளியே அனுப்பியவர். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பி, வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே சொன்னார்: "கைய மட்டும் கழுவிட்டுப் போகச் சொல்லு, ஐஸ்."

அத்தையைக் குழாயடிக்கு அழைத்துப் போனேன். கையை நீட்டினார். நான் குழாயைத் திறந்தேன்.